ஒரு அடுப்புக்கு ஒரு தறி

பிப்ரவரி 6, வியாழன்

இது முகாமில் தந்த நோட்டு. அசாம் கைத்தறித் துறை ஆட்கள் நாம்கருக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் நாற்பத்தைந்து நாள் பயிற்சி நடத்துகிறார்கள். ஊரே கூடிப் பாடிக் கும்பிடுகிற நாம்கரில் அரட்டை அடிக்காமல் இருப்போம், பின்னால் இருக்கும் கொட்டகையில் சேர்த்து வைத்து அடிக்கிறோம். ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு இஞ்சு டேப்பு. சாயத்துக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அதெல்லாம் என் கைக்குத் தெரியும். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதி யாரிடம் காட்டப் போகிறேன்? அதனால் மனசில் வருவதை எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன எழுதறே?"

"உங்களைப் பத்தித்தான். குறட்டைக்கே ரெண்டு பக்கம் ஆயிடுச்சு."

சைக்கிள் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். பாவம், பாதி டீ அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

எங்கள் வீட்டில் தறி ஒன்று, நெய்கிறவர்கள் இரண்டு. காலையில் நான், மதியத்துக்கு மேல் தொராலி. தொராலி இவருடைய தங்கை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். புருஷன் வேலைக்குப் போன ஊரில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டான். அவள் அதைச் சொன்னது ஒரு தடவைதான். நாங்களும் கிளறியதில்லை. இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது.

சிக்கல் என்னவென்றால், தறியில் ஒரு நேரத்துக்கு ஒரு பாவுதான், நீளவாட்டு நூல் ஒரு வரிசைதான், ஏற்ற முடியும். நான் இருபது கமோசாவுக்கு வெள்ளைப் பாவு ஏற்றினால், அது தீரும்வரை அவளும் அந்த வெள்ளைத் துண்டில் சிவப்புப் பூவைத்தான் போட்டாக வேண்டும். அவள் மனசில் இருப்பது வேறு. காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் வரைந்து வைத்திருக்கிறாள். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்று மணலில் வரி வரியாக இருக்குமே, அது. பச்சையில், மேலே போர்த்துகிற ஒரு சாதர் முழுக்க.

நான் நெய்த பூவைப் பார்த்தால் கோழி கிளறின மாதிரி இருக்கும். அவள் நெய்ததைப் பறித்துத் தலையில் வைக்கலாம். அவளிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் தலை கனத்துவிடும், கழுத்து வேறு ஒல்லி.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று எங்களுக்குப் பயிற்சி தரும் நிலாக்ஷி மேடம் ஒரு செய்தி கொண்டுவந்தார். எங்கள் ஊர் பகரிகுரிக்குப் பன்னிரண்டு தறி வருகிறது. சட்டம், அச்சு, விழுது, பூப்போடும் பெட்டி எல்லாம் சேர்த்து அரசாங்கமே தருகிறது. சொந்தத் தறி இல்லாத, நெய்யத் தெரிந்த பெண்களுக்கு. தொராலி நெய்த மாதிரித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மேடமே அவளைப் பார்த்துச் சிரித்தார். நான் அவளை இடித்த இடியில் டப்பாவில் இருந்த பாக்கு சிதறியது.

அப்புறம் மேடம் தாளைப் புரட்டினார். முகம் மாறிவிட்டது.

"உங்க வீட்ல ஏற்கெனவே ஒரு தறி இருக்கே, கேதகி அக்கா. குடும்பத்துக்கு ஒண்ணுதான்."

"அது என் தறி மேடம். இவளுது இல்ல."

"ஒரே அடுப்புல சமைச்சா ஒரே குடும்பம். தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு. ஒரு அடுப்பு, ஒரு தறி."

வரும் வழியில் தொராலி மாதிரித் துண்டை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்.

பிப்ரவரி 12, புதன்

யோசனை வந்துவிட்டது! அடுப்பு ஒன்று என்பதுதானே தடை? இரண்டாக்கினால் போச்சு. வைக்கோல் போடும் அறையில் தொராலிக்கு ஒரு மண் அடுப்பு. ஊர்த்தலைவர் வந்து பார்த்து, தனி அடுப்புதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் அடுப்பு இருந்த இடத்தில் கோழி அடைத்துக்கொள்ளலாம்.

இவருக்குத்தான் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் அடுப்பைப் பிரிப்பது என்றால் வாயால் சொல்லவே யோசிப்பார்கள். அண்ணன் தம்பி வெட்டிக்கொண்ட பிறகு செய்கிற காரியம்.

"நாடகம்தானே, நாலு நாள்" என்றேன்.

"நாடகத்துக்கு வேற எதுவும் கெடைக்கலையா உனக்கு?"

தொராலி அதற்குள் மண் குழைக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 15, சனி

மானம் போனது.

ஊர்த்தலைவர் போகிராம் பெரியப்பா சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே வந்து நின்றார். அடுப்பில் அதுவரை ஒரு சுள்ளிகூட எரியவில்லை. இவரை முற்றத்தில் அவருக்குப் பாக்கு வெற்றிலை நீட்டச் சொல்லிவிட்டு, நான் பின்வழியாக ஓடி, சாம்பல் அள்ளிக்கொண்டு வந்து புது அடுப்பில் கொட்டினேன். அவசரத்தில் சமையலறை மூலையில் இருந்த பானையில் கைவிட்டிருக்கிறேன்.

பெரியப்பா குனிந்தார். ஒரு சிட்டிகை எடுத்து நுனிநாக்கில் வைத்தார். அப்படியே என்னைப் பார்த்தார்.

"கேதகி. வாழைத்தோலை எரிச்சு சோறு வடிக்கறது எந்த ஊர் வழக்கம்மா?"

சமையல் காரத்தண்ணீருக்கு வைத்திருந்த வாழைத்தோல் சாம்பல்! பப்பாளிக்காய் சமைக்கக் கரைத்து வடிகட்டுவதற்காக நான் பார்த்துப் பார்த்து உலர்த்தி எரித்துச் சேர்த்தது. ஒரு பானை முழுக்கப் போச்சு, மானமும் போச்சு. தொராலி கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் போல.

"நான் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன். நெஜமாவே பிரிஞ்சு சமைங்க. ஒரு மாசம். இங்கேருந்து அங்க ஒரு கிண்ணம் கொழம்பு போகக் கூடாது, அங்கேருந்து இங்க வரக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி தீயோ உப்போ கேட்டு வாங்கிக்கலாம். மார்ச் பதினெட்டு வந்து பாப்பேன். சாம்பல் சொல்லும்" என்றார் பெரியப்பா.

மேடம் பட்டியலை மூடுவது மார்ச் இருபது. ஒரு நாள்கூடத் தவற முடியாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

பிரிந்தாயிற்று. அவளுக்கு ஒரு பானை, இரண்டு சட்டி, ஒரு கரண்டி கொடுத்தேன். "சீதனம்" என்றேன். "கரண்டி வளைஞ்சிருக்கு அண்ணி" என்றாள். கொழுப்பு.

பிப்ரவரி 17, திங்கள்

மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மறுபடியும் மூன்று பேருக்கு. நாய் பெருத்துக்கொண்டு வருகிறது.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவள் அடுப்புப் புகை, இந்தப் பக்கம் என் புகை. இன்று அவள் மீன் வறுத்தாள். வாசனை வந்தது. "ஏ பக்கத்து வீடு, என்ன கருகுது?" என்று கத்தினேன். "உங்க வயிறு" என்றாள். இவர் சிரித்துவிட்டார். இந்த வாரம் இவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிப்ரவரி 24, திங்கள்

குளத்தங்கரையில் ஹேமப்ரபா பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் யார் வீட்டுப் பால் பொங்கினாலும் முதலில் அவளுக்குத்தான் தெரியும்.

"ஏ கேதகி, நாத்தனாரை வைக்கோல் ரூமுக்குத் தள்ளிட்டியாமே?"

"ஆமா. அடுத்தது வீட்டுக்காரரு. எடம் காலியா இருந்தா சொல்லு, உன் வீட்டுக்கே அனுப்பி வைக்கறேன்."

அவள் வாயை மூட இது போதும். ஆனால் ஊர் வாயை மூட எவ்வளவு துணி நெய்ய வேண்டும்? தறிக்காகத்தான் என்று வெளியே சொல்லவும் முடியாது. பெரியப்பா கையெழுத்துப் போடும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று மேடம் சொல்லியிருக்கிறார். ஆளாளுக்கு அடுப்புக் கட்ட ஆரம்பித்துவிடுவார்களாம்.

மார்ச் 1, சனி

இவர் இன்று சாப்பிடவில்லை.

நாம்கரில் பிரசாதம் பகிரும்போது யாரோ சொல்லியிருக்கிறார்கள். "உனக்குப் பாதி போதும்ல? கூடப் பொறந்தவளுக்கே பங்கு போடாதவன் நீ." ஊறவைத்த பயறும் தேங்காயும் இருந்த இலையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அந்த ஊறின பயறுக்காகவே நாம்கருக்குப் போகிற மனுஷன்.

"நாளைக்குப் போயி எல்லாம் நாடகம்னு சொல்லிடறேன். தறியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

நான் என்ன சொன்னேன்? என்னென்னவோ கத்தினேன். உங்க மானம் பெருசா, அவ தறி பெருசான்னு கேட்டேன். பதினாலு நாள்தான் ஆகியிருக்கு, பாதி தாண்டல, இப்பப் போயி... ச்சே, இவர் முகத்தைப் பார்த்தா கத்தவும் முடியல. தங்கச்சிக்குச் சட்டியில சோறு இருக்கான்னு தினம் சைக்கிள் துடைக்கிற சாக்குல எட்டிப் பாக்கற ஆள் இவரு. இவரைப் போயி அப்படிச் சொல்லிட்டாங்களே.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தொராலி எங்கள் வாசற்படியில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணா, ஒரு நிமிஷம்."

அவர் நின்றார்.

"பதினோரு வருஷமா அண்ணி போட்ட பாவுலதான் நெய்யறேன். அண்ணி மேல ஒரு கொறையும் கெடையாது. ஆனா ஒரு தடவையாவது நானே பாவு போட்டுப் பாக்கணும். எங்க ஆரம்பிக்கணும், எங்க முடிக்கணும்னு நானே சொல்லணும். ஊர் பேசறது உனக்கு வலிக்குதுன்னா, பட்டியல் வந்த அன்னிக்கு நாம்கர்ல எந்திரிச்சு நின்னு நானே சொல்றேன், தனி அடுப்பு நான்தான் கேட்டேன்னு. அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எண்ணிப் பார்த்தால் ஒரு வருஷப் பேச்சு.

இவர், "அந்த ரூம் கூரை ஒழுகும்" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம்வரை கூரைமேல்தான். நான் கீழே நின்று, "பக்கத்து வீட்டு வேலைக்குக் கூலி என்ன?" என்று கேட்டேன். ஒரு வைக்கோல் பிடி என் தலைமேல் விழுந்தது. தெரியாமல் விழவில்லை.

மார்ச் 7, வெள்ளி

தொராலி உப்பு கேட்டு வந்தாள். கை நிறைய அள்ளிக் கொடுத்தேன். பாதியைத் திருப்பிக் கொட்டினாள்.

"இது எனக்கு ஒரு வாரம் வரும் அண்ணி."

"ஒரு வாரமா? நான் ஒரு கொழம்புக்கே இவ்வளவு போடுவேனே."

மெல்ல, "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எனக்கு உப்பு கம்மியாத்தான் பிடிக்கும்."

பதினோரு வருஷம்! தினம் இரண்டு வேளை! ஒரு நாள்கூட வாயைத் திறக்கவில்லையே!

"ஏண்டி சொல்லல?"

"உக்கார வெச்சு சோறு போடறீங்க. அதுல உப்பு பாத்துக்கிட்டு இருப்பேனா?"

போய்விட்டாள். நான் சாயங்காலம்வரை தறியில் உட்காரவில்லை.

மார்ச் 8, சனி

அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். புளிப்பு மீன் குழம்பா? எள் பூரணம் வைத்த பிட்டாப் பலகாரமா? அவளாகக் கேட்டது எது, நானாகக் கொடுத்தது எது? யோசிக்க யோசிக்க ஒன்றும் நிச்சயமில்லை.

கேட்கலாம். கேட்டால் என்ன, முற்றத்தைத் தாண்டினால் அவள் வீடு. கேட்கவில்லை. நான் ரோஷக்காரி.

மார்ச் 12, புதன்

மூன்று நாளாகக் காய்ச்சல். கையெழுத்து இன்னும் கோணல்.

திங்கட்கிழமை என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. இவர் வைத்த கஞ்சி சுவருக்குப் பூசலாம் போல இருந்தது. முற்றத்தில் தொராலி கஞ்சிச் சட்டியோடு வந்து நின்றுகொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தவித்தாள். பெரியப்பா சொன்ன கட்டுப்பாடு. ஒரு கிண்ணம்கூடப் போகக் கூடாது. இன்னும் எட்டே நாள்தான்.

"கொண்டு வராதடி! தறி போயிடும்!" என்று படுத்தபடியே கத்தினேன்.

சட்டியைத் தன் அடுப்பிலேயே திருப்பி வைத்துவிட்டு நேரே பெரியப்பா வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அரை மணியில் திரும்பி வந்தாள், மூச்சிரைக்க. அவர் சொன்னாராம்: "காய்ச்சல்காரிக்குக் கஞ்சி குடுக்கறது பக்கத்து வீட்டுக்காரி வேலைதானே? குடுக்காம இருந்திருந்தாத்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன். போ, போ, ஆறிடப் போவுது."

கஞ்சியில் உப்பு கம்மி. நன்றாக இருந்தது. இதையும் அவளிடம் சொல்லவில்லை. காய்ச்சல் வாய்க்கு என்ன தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

பெரியப்பா வந்தார். இந்தத் தடவை நாக்கில் வைக்கவில்லை. குச்சியால் சாம்பலைக் கிளறினார். அடுப்பு மண்ணில் ஓடியிருந்த வெடிப்பைத் தடவிப் பார்த்தார். மேலே மூங்கில் கறுத்திருக்கிறதா என்று அண்ணாந்தார். பானை அடியைத் திருப்பினார். இவர் மூச்சுவிடாமல் நின்றார். தொராலி சாதர் நுனியைக் கசக்கு கசக்கென்று கசக்கினாள்.

"சரியா எரிஞ்சிருக்கு" என்றார். பிறகு என் சமையலறைக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "உன் அடுப்புதான் கேதகி, ஒழுங்கா எரியற மாதிரி தெரியல. சோறு தண்ணி எறங்கலையா?"

"பக்கத்து வீட்டு மீன் வாசனையிலயே வயிறு நெறைஞ்சிடுது பெரியப்பா."

கையெழுத்து. முத்திரை. தாளைக் கையில் வாங்கியதும் தொராலி அவர் காலைத் தொட்டாள். இவர் சைக்கிளில் அவளைப் பின்னால் உட்கார வைத்து மேடத்திடம் கூட்டிப் போனார். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்படித்தான் பள்ளிக்கூடம் போவார்களாம். திரும்பி வரும்போது அவள் மிதித்தாள், இவர் பின்னால். முழங்கால் வலியாம். நல்ல சாக்கு.

மார்ச் 19, புதன்

மாசம் முடிந்தது. இன்று சந்தையில் நல்ல மீன் கிடைத்தது. ஔ காய் போட்டுப் புளிக்கக் குழம்பு வைத்தேன், மூன்று பேருக்கு, உப்பைப் பாதியாகக் குறைத்து. இனி கோழி அடைக்கலாம் என்று அவளைக் கூப்பிடப் போனேன்.

அவள் அடுப்புக்குப் புதுசாக மண் பூசிக்கொண்டிருந்தாள்.

வெடிப்பையெல்லாம் அடைத்து, ஓரத்தை விரலால் வழித்து, ஈரத் துணியால் மெழுகி. அடுப்பைச் சுற்றி அரிசி மாவில் ஒரு கோடு. மூலையில் ஒரு பலகை போட்டு, சட்டிகளை அளவு வரிசையில் அடுக்கியிருந்தாள். வளைந்த கரண்டியை நிமிர்த்தி ஆணியில் தொங்கவிட்டிருந்தாள்.

"கலைச்சிடலாமாடி?" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். கையில் மண். "இருக்கட்டுமே அண்ணி."

என்ன செய்வது? நாடகம் போட்டது நான், நடிப்பு முடிந்தது எனக்கு மட்டும்தான் போல. அவளுக்கு இது என்றைக்கு நிஜமானது? கரண்டி கொடுத்த அன்றைக்கேவா?

"அந்தப் பக்கம் மண்ணு மெல்லிசா இருக்கு பாரு" என்று சொல்லிவிட்டு, நானும் உட்கார்ந்து பூசினேன். இரண்டு பேர் பூசினால் சீக்கிரம் முடியும்.

குழம்பைக் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது கொடுக்கலாம். பக்கத்து வீடு.

மார்ச் 27, வியாழன்

பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஏழாவது பெயர். தொராலி டேகா. குடும்பத் தலைவர்: தொராலி டேகா. உறுப்பினர்கள்: ஒன்று.

அவள் இரண்டாவது வரியைத்தான் விரலால் தொட்டுக்கொண்டு நின்றாள். "தலைவரே, கொஞ்சம் நகருங்க, மத்தவங்களும் பாக்கணும்" என்றேன். நகரவே இல்லை.

ஹேமப்ரபாவும் வந்தாள். விஷயம் புரிந்ததும் வாய் திறந்தது திறந்தபடி. அன்று சாயங்காலமே நாம்கரில், சொன்னபடி, தொராலி எழுந்து நின்று சொல்லிவிட்டாள். குரல் நடுங்கியது. ஆனாலும் கடைசிவரை சொன்னாள். இவருக்கு இரண்டு பங்கு பிரசாதம் கொடுத்தார்கள். இரண்டையும் தின்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

தறி வந்தது! வைக்கோல் அறை வாசலில் சட்டம் நுழையவில்லை. இவர் ஒரு பக்கச் சுவர் மூங்கிலையே பிரித்துவிட்டார். நிலாக்ஷி மேடம் வண்டியிலிருந்து இறங்கி அதைப் பார்த்து, "அண்ணா, வீட்டை இடிக்கச் சொல்லி விதி எதுவும் இல்லையே" என்றார்.

பாவு ஏற்ற ஆள் வேண்டும். தொராலி ஒரு முனையில், நான் மறுமுனையில். எந்த நிறம், எத்தனை இழை, எங்கே நிறுத்த வேண்டும் எல்லாம் அவள்தான் சொன்னாள். பச்சை. நான் வாயைத் திறக்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நேரம் நான் வாயைத் திறக்காதது இதுவே முதல் தடவை என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 9, புதன்

இரண்டு தறிச் சத்தம். என்னுடையது டக் டக். அவளுடையது மழை மாதிரி. மூன்றாம் நாளே போட்டிக்கு இழுத்துப் பார்த்தேன். தோற்றேன். நூல் சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பிஹு, எங்கள் புத்தாண்டு. சாயங்காலம் பாட்டுக்காரர்கள் வீடு வீடாக வந்தார்கள். எங்கள் முற்றத்தில் மேளமும் எருமைக்கொம்பும் கைத்தாளமுமாகப் பாடி ஆடினார்கள். நானும் இவரும் மண்டியிட்டு, தட்டில் பாக்கு வெற்றிலையும் ஒரு கமோசாவும் வைத்துக் கொடுத்தோம். இந்த வீடு நிறையட்டும், நோய் அண்டாதிருக்கட்டும் என்று எல்லாரும் சேர்ந்து வாழ்த்தினார்கள். வெளியூரில் படிக்கிற எங்கள் மகள் மைனா குவாஹாட்டி ஆஸ்பத்திரியில் நர்சு வேலைக்குத் தேறட்டும் என்றும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன், சொன்னார்கள்.

முடித்துவிட்டு வேலிக் கதவை நோக்கி நடந்தார்கள். முன்னால் போன போகிராம் பெரியப்பா சட்டென்று நின்றார்.

"எங்கடா போறீங்க? இங்க இன்னொரு வீடு இருக்கு."

பையன்கள் விழித்தார்கள். பிறகு திரும்பினார்கள். பத்தே அடி. வைக்கோல் அறை முன்னால் வட்டமாக நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அதே பாட்டு, ஒரு வரிகூடக் குறைக்காமல், அதே குதியோடு. மேளக்காரனுக்கு வேர்த்துக் கொட்டியது.

தொராலி வெளியே வந்தாள். அவள் நெய்த பச்சைச் சாதர், மணல் வரி போட்டது. தட்டில் பாக்கு, வெற்றிலை, மடித்த கமோசா. தனியாக மண்டியிட்டாள். அவள் ஒருத்தியின் தலைக்கு மேல் அத்தனை பேரும் கை நீட்டி வாழ்த்தினார்கள். இந்த வீடு நிறையட்டும் என்று.

நாங்கள் இரண்டு பேரும் எங்கே நிற்பது என்று தெரியாமல் முற்றத்து நடுவில் நின்றோம். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தார், மறுபடி இந்தப் பக்கம் வைத்தார்.

"நம்ம வீடு முடிஞ்சாச்சு. இங்க நாம விருந்தாளி. துண்டை ஒழுங்காப் போடுங்க" என்றேன்.

பாட்டுக்காரர்கள் போனதும் அவள் உள்ளே போய் இரண்டு பலகைகளைக் கொண்டுவந்து உட்காரப் போட்டாள். புதுசு. எப்போது செய்தாள், யாரிடம் சொல்லிச் செய்தாள்? இவரிடம் கேட்டால் இவருக்கும் தெரியவில்லை.

"அண்ணா, அண்ணி, வாங்க. உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தோம்.